நோட்டீசில் 'கையாடல்' என்று எழுதலாமா?

குடியிருப்போர் சங்கப் பொருளாளர் பராமரிப்புப் பணத்துக்குச் சரியாகக் கணக்குக் காட்டவில்லை, நோட்டீசில் 'கையாடல்' என்று போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

கையாடல் கனமான சொல். நம்பி ஒப்படைத்த பணத்தை ஒருவர் தன் சொந்தத்துக்கு எடுத்துக்கொண்டார் என்று அடித்துச் சொல்வது அது. பீரோவை உடைத்து எடுத்தால் திருட்டு. சாவியை வைத்திருப்பவரே எடுத்தால் கையாடல். பொய் சொல்லி உங்களிடம் வசூலித்திருந்தால் மோசடி. உங்களிடம் இருப்பதோ ரசீது இல்லாத சில செலவுகள் மட்டும்தான். 'முறைகேடு' என்றால் விதிப்படி நடக்கவில்லை என்பதோடு நின்றுவிடும். ஆனால் செய்தித்தாள்கள் அதை ஊழலுக்கே புழங்கிப் புழங்கி, அதுவும் இப்போது கொஞ்சம் சுடுகிறது.

நானாக இருந்தால், "தண்ணீர் லாரி, மோட்டார் பழுதுச் செலவுகளுக்கு வவுச்சர் இல்லை, 15 நாளுக்குள் விளக்கம் தரவும்" என்று எழுதுவேன். லிப்ட் பக்கத்தில் 'கையாடல்' என்று ஒட்டிவிட்டு நிரூபிக்க முடியாமல் போனால், குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவில் அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பலாம். விளக்கம் வரவில்லையா, சங்கம் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவானது என்றால் மாவட்டப் பதிவாளரிடம் மனுக் கொடுங்கள்.

அப்புறம், உங்கள் வரைவின் 2-ஆம் பத்தியில் "நிதியைக் கையாடும் பொறுப்பு பொருளாளருடையது" என்று இருக்கிறது. அது 'கையாளும்'. ஓர் எழுத்தில் திருட்டையே அவருக்கு வேலையாகக் கொடுத்துவிட்டீர்கள்!