மூக்கின் அளவு சரியா என்று எப்படிப் பார்ப்பது?

படங்களில் மூக்கு பெரிதாகத் தெரிகிறது, அறுவை சிகிச்சை தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் செல்ஃபியை நம்பாதீர்கள். 30 செ.மீ. தூரத்தில் நேராக எடுத்தால் யாருடைய மூக்கும் பருத்துத்தான் தெரியும். வேறு யாராவது 1.5 மீட்டர் தள்ளி நின்று, நேராகவும் பக்கவாட்டிலும் எடுக்கட்டும்.

பக்கவாட்டில் மருத்துவர்கள் பார்ப்பது, மூக்கின் அடிப்பகுதி மேலுதட்டோடு சேரும் கோணம். ஆண்களுக்குச் சுமார் 90–95 டிகிரி, பெண்களுக்கு 95–110 என்பார்கள். அப்புறம் நுனியின் நீட்டம்: மூக்கின் நீளத்தில் 0.55 முதல் 0.60 பங்கு. நீளம் 5 செ.மீ. என்றால், மூக்கு கன்னத்தோடு சேரும் மடிப்பிலிருந்து நுனி வரை சுமார் 2.8–3 செ.மீ. இவை பெரும்பாலும் ஐரோப்பிய முகங்களை வைத்து வந்த எண்கள். அப்படியே எல்லோருக்கும் பொருத்துவது சரியல்ல.

பலரும் கவனிக்காதது முகவாய். அது உள்வாங்கியிருந்தால் அளவான மூக்குகூட நீண்டு தெரியும். பக்கவாட்டுப் படத்தில் முகவாயைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டு மூக்கைப் பாருங்கள், புரியும். புருவங்களுக்கு நடுவே மூக்கு தொடங்கும் இடம் பள்ளமாக இருந்தாலும் இதே கதைதான்: சின்ன மேடுகூடத் துருத்தித் தெரியும். அதைச் செதுக்குவதைவிடப் பள்ளத்தைக் கொஞ்சம் நிரப்புவதே சில முகங்களுக்குப் போதும்.