நாயைக் கிபிளிலிருந்து பச்சை இறைச்சிக்கு மாற்றலாமா? பினாங்கில் அது சரிப்பட்டு வருமா?

உங்கள் நாய்க்கு மூன்று வயது, 14 கிலோ எடை, நாட்டு இனம். கிபிள் என்ற உலர் தீவனத்தை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது, முடியும் பளபளப்பு இல்லாமல் கிடக்கிறது. பச்சை இறைச்சிக்கு மாற்றினால் எல்லாம் சரியாகும் என்று நண்பர் சொல்கிறார், செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செய்யலாம். ஆனால் முழுக்க மாற்ற வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டு நாய் மிளகுக்குக் காலையில் பச்சை இறைச்சி, ராத்திரிக்குப் பழைய கிபிள். சில வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. ஏன் பாதியிலேயே நிற்கிறோம் என்பதை விளக்கினால் உங்களுக்கு வேண்டிய பதில் அதிலேயே இருக்கும்.

அதற்கு முன்னால் ஒன்று. முடி மங்குவதும் சாப்பாட்டில் ஆர்வம் குறைவதும் உணவால் மட்டும் வருவதில்லை. நம் ஊரில் உண்ணிக்குப் பஞ்சமே கிடையாது, உண்ணிக் காய்ச்சல் வந்த நாயும் இப்படித்தான் சோர்ந்து போய்ச் சாப்பாட்டை ஒதுக்கும். குடற்புழு இருக்கலாம், பல் வலி இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் (வெட்) காட்டி ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு அப்புறம் உணவைத் தொடுங்கள். கிபிள் மூட்டையையும் ஒருமுறை மோந்து பாருங்கள். பினாங்கு ஈரப்பதத்தில் வாய் திறந்த மூட்டையைச் சில வாரம் வைத்திருந்தால் அதிலிருக்கும் கொழுப்பு சிக்கு வாடை அடிக்க ஆரம்பிக்கும். நமக்கே தெரிகிற வாடை நாய்க்குத் தெரியாதா?

"நாய் என்பது ஓநாய்தானே, காட்டில் யார் அதற்குக் கிபிள் போட்டார்கள்?" என்று நண்பர் கேட்டிருப்பார். எல்லோரும் கேட்பதுதான். 2013-ல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் நாயின் மரபணுவையும் ஓநாயின் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மரபணுவின் பிரதிகள் நாயிடம் பல மடங்கு அதிகமாக இருந்தன. மனிதனோடு சேர்ந்து தின்று மாறிய வயிறு அது. கிபிளில் அரிசியும் சோளமும் இருக்கிறது என்பதற்காக அது கெட்ட உணவு ஆகிவிடாது. பச்சை இறைச்சி கொடுக்க வேறு நல்ல காரணங்கள் உண்டு. ஆசையாகச் சாப்பிடும், மலம் குறையும், வாடையும் குறையும், எலும்பைக் கடிப்பதால் பல்லின் மேல் படியும் காரை ஓரளவு தேயும். இவ்வளவுதான் நான் கண்ணால் கண்ட லாபம். நோயெல்லாம் தீரும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

சரி, அளவுக்கு வருவோம். இதில்தான் நம் ஆட்கள் சறுக்குகிறார்கள். கோழி நெஞ்சுக்கறியை வெட்டித் தட்டில் போட்டால் அது பச்சை உணவு என்று நினைக்கிறார்கள். எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. மாதக்கணக்கில் அதையே கொடுத்தால் உடம்பு தனக்கு வேண்டிய கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே உருவும். குட்டி நாயாக இருந்தால் சும்மா குதித்து இறங்கும்போதே கால் முறியும் நிலைக்குப் போய்விடும். அதனால் குட்டிகளுக்கு வீட்டில் தயாரித்த பச்சை உணவே வேண்டாம் என்பேன். உங்களுடையது வளர்ந்த நாய், பரவாயில்லை.

வழக்கத்தில் இருக்கும் கணக்கு 80-10-10. எண்பது பங்கு கறி, பத்து பங்கு எலும்பு, பத்து பங்கு உள்ளுறுப்பு. அந்த உள்ளுறுப்பில் பாதி ஈரலாக இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு மொத்தம் உடல் எடையில் 2 முதல் 3 விழுக்காடு. உங்கள் நாய்க்கு 2.5 விழுக்காடு என்று வைத்தால் 350 கிராம். இதில் எலும்பு 35 கிராம் வேண்டும். கோழி இறக்கையில் ஏறக்குறைய பாதி எலும்புதான், ஆகவே சுமார் 75 கிராம் எடையுள்ள ஒரு சின்ன இறக்கை போதும், அன்றைய எலும்புக் கணக்கு முடிந்தது. ஈரல் 17 கிராம், அதாவது ஒரு கோழி ஈரலில் பாதிகூட வராது. இன்னொரு 17 கிராம் குண்டிக்காயோ ஆட்டுச் சுவரொட்டியோ போடலாம். மீதி எல்லாம் கறி. கோழியின் இதயமும் இரைப்பையும் உள்ளே இருந்தாலும் அவை தசைதான், கறிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரல் மலிவாகக் கிடைக்கிறதே என்று அள்ளிப் போடாதீர்கள், வைட்டமின் ஏ உடம்பில் தங்கிக்கொண்டே போகும். என்னைப் போலக் காலை ஒரு வேளைக்கு மட்டும் என்றால் இதில் எல்லாமே பாதி. இறக்கையை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால் சரியாகிவிடும்.

அளவு சரியா என்று அறிய மலத்தைப் பார்த்தாலே போதும். வெள்ளையாக, சுண்ணாம்புக் கட்டியாக, தொட்டால் உதிர்ந்தால் எலும்பு அதிகம். முக்கி முக்கி நிற்கும், பாவமாக இருக்கும். கறுப்பாகக் குழைந்து போனால் ஈரல் அதிகம். வாசலில் குனிந்து நின்று நான் இதை ஆராய்வதைப் பார்த்து எதிர்வீட்டு ஆன்டி ஒருநாள் என்ன தொலைத்தீர்கள் என்று கேட்டார்.

வேகவைத்த எலும்பு கூடவே கூடாது. வெந்தால் அது கூராகப் பிளக்கும், குடலைக் கிழிக்கும். கறிக்குழம்பில் மிஞ்சிய எலும்பு என்றால் வெங்காயமும் பூண்டும் வேறு சேர்ந்திருக்கும், நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அவை அழிக்கும். ஆட்டின் தொடை எலும்பு போன்ற கனமானவற்றைப் பச்சையாகக் கொடுத்தாலும் கடைவாய்ப் பல் பிளந்துபோக வாய்ப்பு உண்டு.

அடுத்தது நம் வீடுகளுக்கே உரிய சிக்கல். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி வாசற்படி ஏறாது. நாய்க்குத்தானே என்று சொல்லிப் பார்த்தேன், அம்மா ஃபிரிட்ஜ் கதவில் கைவைத்தபடி நின்றுகொண்டார், பேச்சு அத்தோடு முடிந்தது. நாய்களுக்கென விற்கும் பச்சை உணவுப் பொட்டலங்களில் மாட்டிறைச்சி கலந்தவை நிறைய, வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். மாட்டை விட்டுவிட்டால் நம் கையில் மிஞ்சுவது கோழி. வெறும் கோழியில் துத்தநாகம் குறைவு. அது குறைந்தால் கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் தோல் தடித்துப் பொருக்குத் தட்டும், முடியும் மங்கும். அதாவது எதற்காக மாற்றினீர்களோ அதே பிரச்சினை திரும்ப வரும். வாரத்தில் சில நாள் ஆட்டுக்கறி சேர்த்தால் கொஞ்சம் ஈடுகட்டலாம். உறைந்து வரும் இறக்குமதி ஆட்டுக்கறியில் கழிவுத் துண்டுகளைத் தனியாகக் கேட்டு வாங்கினால் விலை கட்டுப்படும். அப்படியும் வைட்டமின் ஈ, அயோடின், மாங்கனீஸ் எல்லாம் வீட்டுக் கறியில் இழுபறிதான். நான் ராத்திரி கிபிளை விடாததற்கு இதுவே முக்கியக் காரணம். அதில் எல்லாம் அளந்து சேர்த்திருக்கிறார்கள். பாதி வயிறாவது முழுமையான சத்தில் நிறையட்டும்.

மீன் கொடுக்கலாம், ஆனால் வேகவைத்து முள் எடுத்துவிட்டு. பல மீன்களில் பச்சையாக இருக்கும்போது பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு, வெந்தால் அது போய்விடும். டின் சார்டின் கொடுக்கிறேன் என்று தக்காளிக் குழம்பில் கிடப்பதைத் திறந்துவிடாதீர்கள், உப்பு அதிகம். பன்றி இறைச்சி பச்சையாக வேண்டவே வேண்டாம். ஔஜெஸ்கி என்ற வைரஸ் அதில் இருக்கக்கூடும், நாய்க்குத் தொற்றினால் பிழைப்பது கிடையாது.

கிருமி விஷயத்தில் வெட் பயமுறுத்துகிறார் என்று நினைக்காதீர்கள். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-லிருந்தே பச்சை இறைச்சி கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவருகிறது. சால்மொனெல்லா நாயை ஒன்றும் செய்யாமல் அதன் மலம் வழியாக வெளியே வந்து வீட்டு மனிதரைப் படுக்கவைக்கும். 2018-ல் மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, பச்சைக் கோழி தின்னும் நாய்களுக்குப் பின்னங்கால் தளர்ந்து பக்கவாதம் போலாகும் ஒரு நோயின் ஆபத்து அதிகம் என்று காட்டியது. கேம்பிலோபேக்டர் கிருமிமேல்தான் சந்தேகம். நாய்க்குக் கோழிக் கழுத்து வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஃபிரீசரில் வைத்தால் ஒட்டுண்ணிகள் பல சாகும், பாக்டீரியா சாகாது, தூங்கும், அவ்வளவுதான்.

வீட்டில் கைக்குழந்தையோ, வயதானவர்களோ, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரோ இருந்தால் இந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள். அதே கறியை எலும்பில்லாமல் லேசாக வேகவைத்து, கால்சியத்தை வெட்டிடம் கேட்டு அளவாகச் சேர்த்துக் கொடுங்கள். ஆசையாகச் சாப்பிடுவதற்கு அதுவே போதும்.

மற்றபடி நடைமுறை சுலபம். காலையில் சீக்கிரம் மார்க்கெட்டுக்குப் போனால் அப்போதுதான் வெட்டிய கோழி கிடைக்கும். கோழிக்கடைத் தவுக்கேயிடம் (கடை முதலாளியிடம்) சொல்லிவைத்தால் இறக்கை, ஈரல், இரைப்பையைத் தனித்தனிப் பையில் எடுத்துவைப்பார். முன்பு கிலோ 9 வெள்ளி 40 காசு என்று அரசாங்கம் உச்சவிலை வைத்திருந்தது. 2023 நவம்பரில் அதை எடுத்துவிட்டார்கள், இப்போது விலை ஏறி இறங்குவதால் மலிவாக இருக்கும்போது வாங்கி ஒரு வேளைப் பொட்டலங்களாகக் கட்டி ஃபிரீசரில் அடுக்கிவிடுகிறேன். முதல் நாள் ராத்திரி ஒன்றை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூடி போட்ட டப்பாவில் இறக்கிவைத்தால் காலையில் பதமாக இருக்கும். சமையல் மேடையில் வைத்து உருக்காதீர்கள். நம் வெயிலில் கறியை அரை மணி நேரத்துக்கு மேல் தட்டில் விடவும் கூடாது, மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்பும் எலியும் விருந்துக்கு வரும். தட்டு எவர்சில்வராக இருந்தால் கழுவ எளிது. பலகை, கத்தி நாய்க்கென்று தனியாக இருக்கட்டும்.

முதல் ஒரு வாரம் பத்து நாள், காலைக் கிபிளில் கால்பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எலும்பில்லாத கோழிக்கறி மட்டும் வையுங்கள். ஒரே வகை இறைச்சி, அப்போதுதான் வயிறு கெட்டால் எதனால் என்று தெரியும். மலம் இறுகி நின்றால் பாதியாக்குங்கள், அப்புறம் இறக்கை, கடைசியில் ஈரல். கிபிளும் பச்சைக் கறியும் ஒரே தட்டில் கலந்தால் செரிக்காது என்று ஒரு பேச்சு உண்டு, அதற்குச் சரியான ஆதாரம் கிடையாது. இறக்கையை முதன்முதலாகக் கொடுக்கும்போது ஒரு முனையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். கிபிளை விழுங்கிப் பழகிய நாய் இதையும் அப்படியே விழுங்கப் பார்க்கும், நீங்கள் பிடித்திருந்தால் மென்றுதான் ஆக வேண்டும்.

கிபிளை முழுசாக விடாமல் இருப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது நாயை விட்டுச்செல்லும் இடங்களில் பச்சைக் கறி வைக்கப் பெரும்பாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மிளகுக்குக் கிபிள் பழக்கம் விட்டுப்போகாததால் பையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன், வயிற்றுப்போக்கு என்று இதுவரை போன் வந்ததில்லை.