கேனுலா போட்ட கால் வீங்கினால்?

கேள்வி: எங்கள் நான்கு மாத நாய்க்குட்டிக்குப் பார்வோ (வாந்தியும் பேதியும் வரும் வைரஸ் நோய்). மூன்று நாளாக டிரிப்ஸ் ஏறுகிறது. இரவில் கேனுலாவோடு (டிரிப்ஸ் ஏற்ற ரத்தக்குழாயில் செருகிய சிறு குழாய்) வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வாந்தி நின்றுவிட்டது. ஆனால் இன்று மறுபடி காய்ச்சல், ஊசி போட்ட முன்னங்காலும் வீங்கியிருக்கிறது. பார்வோ திரும்பிவிட்டதா?
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: வயிறு தேறிவரும்போது காய்ச்சல் ஏறினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கேனுலாவைத்தான். இன்றே கட்டைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி நுழைந்த இடத்தில் சிவப்பு, சூடு, சீழ், தொட்டால் குட்டி காலை இழுத்துக்கொள்வது, முழங்கை நோக்கிப் போகும் ரத்த நரம்பு கயிறுபோல விறைத்திருப்பது - இவற்றில் ஒன்று இருந்தாலும் கேனுலாவை எடுத்துவிட்டு வேறு காலில் புதிது போட வேண்டும். பாதம் மட்டும் உப்பியிருந்தால் பெரும்பாலும் பிளாஸ்திரி இறுக்கம்தான். ஊசி முனைக்கு மேலே மெத்தென்று, சூடில்லாமல் வீங்கினால் மருந்து வெளியே கசிந்திருக்கும்.

எடுத்த கேனுலாவைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. தோலைத் துடைத்துவிட்டு உருவி, நுனியைச் சுத்திகரித்த கத்தரியால் வெட்டி, சுத்திகரித்த குப்பியில் கல்ச்சருக்கு (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பலாம். ஆன்டிபயாடிக்கை மாற்றுவதற்கு முன்பே இதைச் செய்தால்தான் பலன்.

பார்வோவில் வெள்ளணுக்கள் சரிந்துவிடும். போதாக்குறைக்குப் பேதி காலிலும் கட்டிலும் படும். தோலில் இருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் மட்டுமல்ல, குடல் கிருமிகளும் ஈரத்தில் வாழும் கிருமிகளும் உள்ளே போக அதுவே வழி. கிருமிநாசினியில் ஊறிய பஞ்சு நாள்கணக்கில் கிடக்கும் ஜாடியையும் நம்பாதீர்கள். நீர்த்த மருந்தில் செராஷியா போன்ற கிருமிகள் சாகாமல் பெருகும்.

கேனுலா போடும்போது நடக்கும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: துடைத்த இடத்தை நரம்பு தேடி மறுபடி விரலால் தடவுவது. முடியை மெஷினால் எடுக்க வேண்டும், பிளேடு தோலைக் கீறும். 2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால், பஞ்சு அழுக்கின்றி வரும்வரை தேய்த்து, காயவிட்டு, பிறகு தொடாமல் குத்த வேண்டும். மருந்து ஏற்றும் ஒவ்வொரு முறையும் கேனுலாவின் மூடியை 70 சதவீத ஸ்பிரிட்டால் 15 விநாடி தேய்த்துக் காயவிட வேண்டும்.

வீட்டில் உங்கள் வேலை: நக்காமல் கழுத்தில் கூம்பு, வெளியே போகும்போது மட்டும் காலுக்குப் பிளாஸ்டிக் பை, வந்ததும் கழற்றிவிடுங்கள், உள்ளே வேர்த்துவிடும். கட்டு நனைந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள். மஞ்சள், பவுடர், களிம்பு எதுவும் வேண்டாம்.

கேள்வி: மூன்று நாளானால் கேனுலாவை மாற்றியே ஆக வேண்டுமா?
- வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: 72 மணி நேரக் கணக்கு பழைய வழக்கம். தினமும் இரண்டு முறை பிரித்துப் பார்த்து, இடம் சுத்தமாக, 2 மில்லி சலைன் தடையின்றி ஏறினால் விட்டுவைக்கலாம். தடுத்தால் அழுத்தித் தள்ளாதீர்கள். அவசரத்தில் தோலைச் சரியாகத் துடைக்காமல் போட்டது மட்டும் விதிவிலக்கு: அதை 24 மணி நேரத்துக்குள் மாற்றிவிடுங்கள்.