முந்திரி விலைப்பட்டியல் ஏன் ஸ்பேமுக்குப் போகிறது?

பண்ருட்டியில் முந்திரிப்பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறீர்கள். கடையின் சொந்த டொமைனிலிருந்து (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) அனுப்பும் விலைப்பட்டியல், சென்னை, பெங்களூரு வியாபாரிகளின் ஸ்பேமில் போய் விழுகிறது, வாசகத்தை எத்தனை முறை மாற்றி எழுதியும் பலனில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். புதுச்சேரியில் சிறு கடைகளுக்கும் விடுதிகளுக்கும் மெயில் அமைத்துத் தருவதுதான் என் தொழில். என்னிடம் அதிகம் வரும் புகாரே இதுதான். நேர்மையாக வியாபாரம் செய்பவர் இதனால் ஆர்டரை இழப்பது எனக்கு உண்மையிலேயே பொறுக்காது.

வாசகத்தை விடுங்கள். 'தள்ளுபடி', 'இலவசம்' போன்ற சொற்களை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அதைவிடப் பெரிய கேள்வி, அனுப்பியது நீங்கள்தானா என்பது. மெயில் அனுப்புவதற்கென்று 1982-ல் வகுத்த எஸ்.எம்.டி.பி. முறையில் அதைச் சரிபார்க்க வழியே இல்லை. தபால் உறையில் எழுதுவதுபோல அனுப்புநர் என்று யார் பெயரையும் போடலாம். அதற்குத்தான் பின்னாளில் மூன்று ஏற்பாடுகள் வந்தன. உங்கள் டொமைன் பெயரில் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு (மெயில் அனுப்பும் கணினிக்கு) அனுமதி என்று, டொமைன்களின் பொதுப் பதிவேடான டி.என்.எஸ்.-ல் எழுதி வைப்பது எஸ்.பி.எஃப். மெயிலோடு போகும் டிஜிட்டல் கையொப்பம் டி.கே.ஐ.எம். இந்த இரண்டில் ஒன்றாவது தேறி, வெளியில் தெரியும் முகவரியின் டொமைனோடு பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் மெயிலை என்ன செய்யலாம் என்று சொல்வது டிமார்க். ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரி முதல் மூன்றுமே கட்டாயம். மற்றவர்களுக்கு முதல் இரண்டில் ஒன்று போதும் என்றாலும், மூன்றையும் போட்டுவிடுங்கள்.

நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். மெயில் ஓர் இடத்தில், இணையதளம் இன்னோர் இடத்தில், பில் போடும் மென்பொருள் மூன்றாவது இடத்தில். மூன்றும் உங்கள் பெயரில் மெயில் அனுப்பும், எஸ்.பி.எஃப்.-ல் ஒன்றுதான் இருக்கும். அப்புறம் யாரோ வந்து புதிதாக இன்னொரு எஸ்.பி.எஃப். வரியைச் சேர்ப்பார். அது இன்னும் மோசம். ஒரு டொமைனுக்கு ஒரே வரிதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் சோதனையே பிழையாகிவிடும். எல்லா சர்வர்களையும் அந்த ஒரே வரிக்குள் சேர்க்கச் சொல்லுங்கள்.

சோதிப்பது சுலபம். உங்கள் ஜிமெயிலுக்கே ஒன்று அனுப்பி, கணினியில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்துங்கள். எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றுக்கும் எதிரே 'பாஸ்' என்று வர வேண்டும். பில் மென்பொருளிலிருந்தும் இணையதளத்திலிருந்தும் தனித்தனியாக இதைச் செய்யுங்கள்.

மூன்றும் பாஸ் ஆகியும் ஸ்பேமுக்குப் போனால், காரணம் வேறு. மலிவான ஹோஸ்டிங்கில் (சர்வரை வாடகைக்குத் தரும் சேவையில்) பல கடைகள் ஒரே ஐ.பி. முகவரியில், அதாவது இணையத்தில் சர்வரை அடையாளம் காட்டும் ஒரே எண்ணில் இருக்கும், அதில் ஒருவர் குப்பை மெயில் அனுப்பினாலும் எல்லோருக்கும் கெட்ட பெயர். இல்லையென்றால் உங்கள் முகவரிப் பட்டியலைப் பாருங்கள். எப்போதோ வாங்கிய விசிட்டிங் கார்டுகளில் உள்ள முகவரிகளுக்கெல்லாம் தீபாவளிக்கு ஒரே நேரத்தில் அனுப்பினால், பெறுகிறவர்கள் 'ஸ்பேம்' பொத்தானை அழுத்துவார்கள். அந்தப் புகார் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்கிறது கூகுள். கேட்டவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். வழக்கமாக வாங்குபவர்களை ஃபோனில் அழைத்து, ஸ்பேமில் கிடப்பதை 'நாட் ஸ்பேம்' கொடுத்து, ஒரு வரி பதிலும் போடச் சொல்லுங்கள்.

உங்கள் ஸ்பேம் பெட்டியையும் இன்றே திறந்து பாருங்கள். வாடிக்கையாளர் அனுப்பிய ஆர்டர் அங்கே கிடக்கலாம். ஜிமெயில் அதை 30 நாளில் தானாகவே அழித்துவிடும்.