மூட்டுவலி மாத்திரையோட சப்ளிமென்ட் சேக்கலாமா? பார்மசிஸ்ட் பதில்கள்

மெடிக்கல் ஷாப்ல நிக்கறவன்ங்கறதால மூட்டுவலி மாத்திரை, சப்ளிமென்ட் பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க, ஒவ்வொண்ணா சொல்றேன்.

கேள்வி: அம்மாவுக்கு 62 வயசு, முட்டி தேய்மானம். அசிக்ளோஃபெனாக் வலி மாத்திரை கூட குளுக்கோசமைன் சப்ளிமென்ட் குடுக்கலாமா?

பதில்: ரெண்டும் சேந்தா பெருசா பிரச்சினை வராதுங்க. ஆனா பலன் எவ்ளோன்னு தெரிஞ்சு காசு செலவு பண்ணுங்க. அமெரிக்கால 1,583 பேரை வெச்சு நடத்தின ஆய்வு 2006ல வந்துச்சு, தினம் 1500 மி.கி. குளுக்கோசமைன் குடுத்தும் மொத்தத்துல வெறும் டம்மி மாத்திரைய விட சொல்லிக்கற அளவுக்கு வலி குறையல. நிறைய பிராண்ட்ல இறால், நண்டு ஓட்டுலேர்ந்துதான் எடுக்கறாங்க, அலர்ஜி இருந்தா லேபிள் பாருங்க. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் போடறவங்களுக்கு வேண்டவே வேண்டாம், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்ளோ நேரம் ஆகுதுன்னு காட்டற டெஸ்ட் அளவு) ஏறிடலாம்.

கேள்வி: அப்பாவுக்கு இதய ரத்தக்குழாய்ல ஸ்டென்ட் வெச்சிருக்கு, ஆஸ்பிரின் 75, க்ளோபிடோக்ரெல் போகுது. யாரோ சொல்லி மஞ்சள் கேப்ஸ்யூல் ஆரம்பிச்சிட்டார், வலி அதிகமானா இபுப்ரோஃபென் வேற போடறார்.

பதில்: சார், இது அவசரம், இன்னைக்கே கார்டியாலஜிஸ்ட்கிட்ட பேசுங்க. ரத்தம் உறையாம இருக்க ஏற்கனவே ரெண்டு மாத்திரை போகுது, இபுப்ரோஃபென் வயித்துல புண்ணாக்கி ரத்தக்கசிவு வரவைக்கும், அதோட ஆஸ்பிரின் போய் ஒட்ட வேண்டிய இடத்துல இது முன்னாடியே போய் சீட் புடிச்சுக்கும், அப்போ இதயத்துக்கு கிடைக்க வேண்டிய பாதுகாப்பே குறையும். குழம்புல போடற மஞ்சளுக்கு ஒண்ணும் பயம் இல்ல. கேப்ஸ்யூல்ல இருக்கறது மஞ்சள்லேர்ந்து எடுக்கற குர்க்குமின் சாறு, நிறைய பிராண்ட்ல மிளகுல இருக்கற பைபெரினும் சேக்கறாங்க. 1998ல பெங்களூர்ல பண்ணின ஆய்வுல பைபெரின் சேத்தா குர்க்குமின் ரத்தத்துல ஏறறது 20 மடங்கு ஆச்சு, அதே பைபெரின் ரத்தத்துல மத்த மாத்திரைகளோட அளவையும் ஏத்தலாம். இந்த மாதிரி கேப்ஸ்யூலால ஈரல் பாதிச்ச கேஸும் பதிவாயிருக்கு. டாக்டர் சொல்ற வரைக்கும் கேப்ஸ்யூலும் இபுப்ரோஃபெனும் வேண்டாம், ஸ்டென்ட் மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க. மலம் கருப்பா தார் மாதிரி போனா உடனே ஆஸ்பத்திரி.

கேள்வி: அசிக்ளோஃபெனாக் பாராசிட்டமால் சேந்த மாத்திரை போடறேன், காய்ச்சல் வந்தா பாராசிட்டமால் 650 மி.கி. போடலாமா?

பதில்: உங்க மாத்திரைலயே 325 மி.கி. பாராசிட்டமால் இருக்குங்க, அதையும் கூட்டிக்கோங்க. ஒரு நாளைக்கு 4 கிராம் தாண்டவே கூடாது, ஈரல் வீக்கா இருந்தா அதுக்கும் கம்மி.

கேள்வி: லேபிள் இல்லாத மூட்டுவலி பொடி ஒண்ணு வாங்கினேன், மூணே நாள்ல வலி பறந்துடுச்சு. சுகர் மட்டும் ஏறுது.

பதில்: அண்ணா, சுகர் ஏறுதுன்னதும் எனக்கு ஸ்டீராய்ட் சந்தேகம்தான் வருது. இந்த மாதிரி பொடிகள்ல டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்ட், டைக்ளோஃபெனாக்ங்கற வலி மருந்து எல்லாம் கலந்து புடிபட்டிருக்கு. மாசக்கணக்கா சாப்ட்டிருந்தா திடீர்னு நிறுத்தாதீங்க, உடம்பு சுரக்க வேண்டிய ஸ்டீராய்டே நின்னு போயிருக்கலாம். பொடிய கையோட எடுத்துட்டு உடனே டாக்டரைப் பாருங்க, அவர் பாத்து படிப்படியா குறைப்பார்.

கேள்வி: முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட், கூட ஃபோலிக் ஆசிட். ஃபோலிக் சும்மா வைட்டமின்தானே, விட்டுடலாமா?

பதில்: விடாதீங்கம்மா. வாய்ப்புண், குமட்டல் குறையறதுக்குத்தான் அதைக் குடுக்கறாங்க, எந்தக் கிழமைன்னு டாக்டர் எழுதினதோ அப்படியே போடுங்க. வலிக்குதுன்னு நீங்களா டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டா மெத்தோட்ரெக்ஸேட் கிட்னி வழியா வெளிய போறது தடைப்படலாம், கேக்காம வாங்காதீங்க. மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே நாள்தான், தினமும் போட்டு உயிருக்கே ஆபத்தானவங்க இருக்காங்க, அட்டை மேலயே கிழமைய பெருசா எழுதி வெச்சுக்கோங்க.