2147483647: இந்தப் பகா எண்ணைப் பற்றிக் கேளுங்கள்

கே: பத்து இலக்க எண். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இது பகா எண் என்று எப்படிச் சொன்னார்கள், சார்?

1772இல் கணித மேதை ஆய்லர் காட்டினார். இதன் வர்க்கமூலம் சுமார் 46,341. அதுவரை உள்ள பகா எண்கள் ஏறத்தாழ 4,800. எல்லாவற்றாலும் வகுத்துப் பார்த்தால் கை ஓய்ந்துவிடும். ஆனால் இது சாதாரண எண் இல்லை, 2^31 − 1; அதாவது 31 இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்தது. இந்த எண்ணை ஒரு பகா எண் வகுத்தால், அந்தப் பகா எண்ணை 62ஆல் (31இன் இருமடங்கு) வகுக்கும்போது மீதி 1தான் வரவேண்டும். கூடவே 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரவேண்டும். இரண்டையும் சேர்த்தால், 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வரும் எண்கள் மட்டுமே மிஞ்சும்.

சரி, வரிசையாகப் பாருங்கள்: 63, 249 இரண்டும் பகு எண்கள். முதலில் சிக்கும் பகா எண் 311. வகுத்தால் மீதி 35. அடுத்தது நேராக 1303, மீதி 226. நடுவில் உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட பகா எண்களைத் தொடவே வேண்டாம்! சோதிக்க வேண்டியவை நானூறுக்குள் அடங்கிவிட்டன. கணக்குப் போடும் திறமையைவிட, எதைப் போடத் தேவையில்லை என்று கண்டதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கே: 31 போல அடுக்கு பகா எண்ணாக இருந்தால் போதுமா, 1 கழித்து வருவதும் பகா எண் ஆகிவிடுமா?

போதாது. 2^11 − 1 = 2047 = 23 × 89. இங்கேயும் அதே விதிதான்: 23, 89 இரண்டையும் 22ஆல் வகுத்தால் மீதி 1.

கே: புரோகிராமில் முழு எண்ணை வைக்கும் int-க்கு உச்சவரம்பு இதுதானே? பகா எண் என்பதால் தேர்ந்தெடுத்தார்களா?

இல்லை, தற்செயல். 32 பிட்டில், அதாவது 0 அல்லது 1 வைக்கும் 32 இடங்களில், ஒன்று கூட்டல்-கழித்தல் குறிக்குப் போக, மீதி 31 இடத்திலும் 1 போட்டால் இதுதான் வரும். 16 பிட்டின் வரம்பு 32767 = 7 × 31 × 151. 64 பிட்டின் வரம்பையும் 7 வகுக்கும்.

கே: செவ்விய எண்ணோடு என்ன உறவு, அண்ணா?

தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்தான் செவ்விய எண். 28ஐ எடுங்கள். 1 + 2 + 4 + 7 + 14 = 28; அதாவது 4 × 7, இதில் 7 என்பது 2^3 − 1. அதேபோல 2^30ஐ நம் எண்ணால் பெருக்கினால் 2305843008139952128 என்ற செவ்விய எண் கிடைக்கும். இதற்குமேல் ஒரு செவ்விய எண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று 1811இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் பீட்டர் பார்லோ எழுதினார். உபயோகமில்லாத வேடிக்கைக்கு யார் மெனக்கெடுவார்கள் என்பது அவர் நினைப்பு. பாவம், மனிதர்களைச் சரியாக எடைபோடவில்லை. 1876இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா 2^127 − 1 பகா எண் என்று காட்டினார்; அதிலிருந்து இன்னும் பெரிய செவ்விய எண்ணும் கிடைத்தது.

கே: இப்போது தெரிந்த மிகப் பெரிய பகா எண் எது?

2024 அக்டோபரில் கண்டுபிடித்த 2^136279841 − 1. மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். அதை இங்கே எழுதச் சொல்லாதீர்கள்.