ஏலத்துக்கு வந்த வண்டி

கேள்வி: டிரான்ஸ்வால் போயர்கள் ஆங்கிலேயரை எதிர்த்து நடத்திய முதல் சுதந்திரப் போர் எப்படித் தொடங்கியது? முதல் சண்டைகள் எங்கே நடந்தன?
– ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: ஒரு மாட்டுவண்டியில் தொடங்கியது. போயர்கள் என்றால் தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வழிவந்த குடியானவர்கள்; டிரான்ஸ்வால் அவர்களுடைய குடியரசு. அங்குள்ள பொட்செஃப்ஸ்ட்ரூம் ஊரில் பெசூடன்ஹவுட் என்ற குடியானவரிடம் வரி பாக்கி என்று ஆங்கிலேய ஆட்சியின் அதிகாரிகள் வழக்குப் போட்டார்கள். கேட்ட தொகை அதிகம் என்று அவர் நிரூபித்த பிறகும், வழக்குச் செலவு என்று சொல்லி அவருடைய வண்டியை ஜப்தி செய்து 1880 நவம்பரில் ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். பீட் க்ரோன்யே தலைமையில் துப்பாக்கியோடு வந்த போயர்கள் வண்டியை மீட்டுக்கொண்டு போனார்கள். 1877-இல் டிரான்ஸ்வாலை ஆங்கிலேயர் தம் ஆட்சியோடு சேர்த்துக்கொண்டபோதே கோபம் இருந்தது. ஆனால் அந்தக் குடியரசை அச்சுறுத்திய ஆப்பிரிக்க அரசுகளான சூலு அரசையும் பெடி அரசையும் 1879-இல் ஆங்கிலேயப் படையே முறியடித்துவிட்டதால், அதன்பிறகு போயர்களுக்கு ஆங்கிலேயரின் பாதுகாப்பு வேண்டியிருக்கவில்லை.

டிசம்பர் 16-இல் பொட்செஃப்ஸ்ட்ரூமில் முதல் துப்பாக்கிகள் வெடித்தன. நான்கு நாள் கழித்து, லைடன்பர்க்கிலிருந்து பிரிட்டோரியாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஆங்கிலேயரின் 94-ஆவது படைப்பிரிவை பிராங்கார்ஸ்ட்ஸ்ப்ரூட்டில் போயர்கள் வழிமறித்தார்கள். பேண்டு வாத்தியம் முழங்க, நீளமான வண்டி வரிசையோடு வந்த அந்தப் படையின் தலைவர் ஆன்ஸ்ட்ரதர், திரும்பிப் போகச் சொன்ன கடிதத்தைப் படித்துவிட்டு, பிரிட்டோரியாவுக்குப் போவதுதான் தமக்கு வந்த கட்டளை என்று பதில் சொன்னார். கால் மணி நேரத்துக்குள் சண்டை முடிந்துவிட்டது. படுகாயம் பட்ட அவரும் பிழைக்கவில்லை. பிறகு 1881 ஜனவரி 28-இல் லேங்ஸ் நெக், பிப்ரவரி 8-இல் இங்கோகோ, பிப்ரவரி 27-இல் மஜூபா என்று எல்லாம் நம் நேட்டால் எல்லையில் நடந்தன; மஜூபா உச்சியில் நேட்டால் ஆளுநர் ஜார்ஜ் காலி என்பவரே சுடப்பட்டு இறந்தார்.

கேள்வியில் 'சுதந்திரப் போர்' என்று எழுதியிருக்கிறீர்கள். போயர்கள் வைத்த பெயர் அது, அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். வென்ற குடியரசு நான்கே ஆண்டில், 1885-இல், மூன்றாம் சட்டத்தைக் கொண்டுவந்து ஆசியர்களுக்குக் குடியுரிமை இல்லை, நிலம் வாங்கும் உரிமை இல்லை, லொகேஷன் என்று தனியே ஒதுக்கிய குடியிருப்பில்தான் குடியிருக்க வேண்டும் என்றது. அந்தச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள், தென்னாப்பிரிக்க இந்தியர்களான நாம். பெடி மக்களுக்கும் அந்த வெற்றியில் ஒரு பங்கும் கிடைக்கவில்லை. போயர்களின் வீரத்தை நான் மறுக்கவில்லை, நியாயமற்ற வரிக்கு அவர்கள் தலைவணங்காததை மதிக்கவும் செய்கிறேன். ஆனால் யாருக்குக் கிடைத்தது என்று சொல்லாமல் சுதந்திரம் என்ற சொல்லை நம்மவர்கள் எழுதும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

அந்த எல்லையிலேயே இன்னொரு வரிப் போரும் நடந்தது. 1913-இல் நேட்டாலின் நியூகாசிலில் வேலை செய்த இந்தியச் சுரங்கத் தொழிலாளர்கள், ஒப்பந்தக் கூலிக்காலம் முடிந்த இந்தியர்கள் மீது விதித்த மூன்று பவுன் தலைவரியை எதிர்த்து, கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்ட பெண்களோடு லேங்ஸ் நெக் வழியாக நடந்து, மஜூபாவின் அடிவாரத்தில் இருக்கும் சார்ல்ஸ்டவுனில் கூடி, நவம்பர் 6-ஆம் தேதி டிரான்ஸ்வாலின் வோல்க்ஸ்ரஸ்டுக்குள் எல்லை தாண்டினார்கள். அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை. அந்த வரி அடுத்த ஆண்டே ரத்தானது. பிராங்கார்ஸ்ட்ஸ்ப்ரூட் சண்டையை இந்தப் பத்திரிகை இனியும் 1880-81 டிரான்ஸ்வால் போரின் ஒரு சண்டை என்றுதான் அச்சிடும். நீங்கள் கேட்ட அந்தச் சொல்லை நியூகாசிலிலிருந்து நடந்தவர்களுக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.